பகடி எப்படி வேலை செய்கிறது? ஒரு திருடன் எடுத்த சினிமாவை முன்வைத்து

கெய்ரோவில் 30 லட்சம் டாலர் மதிப்புள்ள தங்கக் கட்டிகள் கொள்ளை போகின்றன. அவற்றைக் கப்பலில் ஏற்றியாயிற்று, ஆனால் ஐரோப்பாவில் எங்கே இறக்குவது? ஆல்டோ வனுச்சி என்ற இத்தாலியத் திருடன் அந்தப் பொறுப்பை ஏற்கிறான். மாறுவேடத்தில் கெட்டிக்காரன். 'நரி' என்பது அவன் பட்டப்பெயர். ரோம் நகரில் ஒரு ஹாலிவுட் நடிகரைச் சுற்றிக் கூட்டம் மொய்ப்பதைப் பார்த்ததும் அவனுக்கு ஒரு யோசனை வருகிறது. சினிமாக்காரர்கள் வந்தால் மக்கள் எதையும் கேள்வி கேட்பதில்லை. அப்படியென்றால் கடத்தலையே ஒரு படப்பிடிப்பாக நடத்திவிடலாமே! கடலோரமாக ஒரு சின்னக் கிராமம், ஒரு கேமரா, நடிப்பதற்கு ஊர் ஜனங்கள். கப்பலில் இருந்து தங்கம் இறங்கும் காட்சியை எடுப்பதாகச் சொன்னால் ஊரே திரண்டு வந்து உண்மையான தங்கத்தை இறக்கிக் கொடுக்கும். அந்த ஊர்ப் போலீஸ் அதிகாரிக்கும் ஒரு வேடம் கொடுத்துவிட்டால் முடிந்தது விஷயம்.

இது 1966-இல் வெளிவந்த 'ஆஃப்டர் தி ஃபாக்ஸ்' படத்தின் கதை. பிரிட்டனும் இத்தாலியும் சேர்ந்து தயாரித்த நகைச்சுவைப் படம். வனுச்சியாக நடித்தவர் பீட்டர் செல்லர்ஸ். திரைக்கதை எழுதியவர்கள் இருவர்: அமெரிக்க நாடக ஆசிரியர் நீல் சைமன், இத்தாலியின் செசாரே சவட்டினி. சைமன் எழுதிய முதல் திரைக்கதை இதுதான். இசை பர்ட் பகராக். முகப்புப் பாடலை 'த ஹாலீஸ்' குழுவினர் பாட, நடுநடுவே செல்லர்ஸின் குரல் பதில் சொல்லும். இயக்கியவர் விட்டோரியோ டி சிகா.

கடைசிப் பெயரைப் பார்த்ததும் சிலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுத்த அதே டி சிகாவா? அவரேதான். சவட்டினியும் அந்தப் படத்தை எழுதியவர்களில் முக்கியமானவர். உலகத்தையே அழவைத்த ஒரு சினிமா வகையை உருவாக்கிய இரண்டு பேர், பதினெட்டு வருடம் கழித்து அதே வகையை வைத்து ஒரு சிரிப்புப் படம் எடுத்திருக்கிறார்கள். பகடி என்றால் என்னவென்று புரிந்துகொள்ள இதைவிட நல்ல பாடப்புத்தகம் எனக்குத் தெரிந்து இல்லை.

பகடியைப் பற்றிப் பொதுவாகச் சொல்வது, ஏற்கெனவே இருக்கும் ஒரு படைப்பையோ பாணியையோ போலச் செய்து சிரிக்க வைப்பது என்று. அது சரிதான், ஆனால் போதாது. போலச் செய்வது மட்டும் என்றால் அது மிமிக்ரி. பகடியில் இன்னொரு வேலையும் நடக்கிறது. ஒரு பாணியின் வழிமுறைகளை அப்படியே வைத்துக்கொண்டு, அவை எதற்காக உருவாயினவோ அந்த நோக்கத்தை மட்டும் உருவிவிட்டு வேறொன்றை வைக்கிறார்கள். வெளியில் இருந்து பார்த்தால் எல்லாம் அதேபோல இருக்கும். உள்ளே இருக்கும் காரணம் மட்டும் வேறு. அந்த இடைவெளியில்தான் சிரிப்பு வருகிறது. இதை இந்தப் படத்தில் பார்க்க வேண்டுமானால், அதில் பகடிக்கு உள்ளாகும் நியோரியலிசம் என்ன என்று முதலில் தெரிய வேண்டும். அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இரண்டாம் உலகப் போரின் முடிவில் இத்தாலி சிதைந்து கிடந்தது. 1937-இல் முசோலினி அரசு ரோமில் கட்டிய சினெசிட்டா என்ற மாபெரும் ஸ்டுடியோ, போருக்குப் பிறகு வீடிழந்த அகதிகள் தங்கும் முகாமாகிவிட்டது. படம் எடுக்க அரங்கம் கிடையாது, பணம் கிடையாது, ஃபிலிம் கிடைப்பதே பெரும்பாடு. சரி, தெருவில் எடுப்போம் என்று இறங்கினார்கள். ராபர்ட்டோ ரோஸலினியின் 'ரோம் ஓப்பன் சிட்டி' 1945-இல் வந்தது. ஜெர்மானியப் படை வெளியேறி அதிக காலம் ஆகாத நகரத்தின் உண்மையான தெருக்கள் அதில் இருந்தன. டி சிகாவும் சவட்டினியும் 1946-இல் 'ஷூஷைன்' எடுத்தார்கள், 1948-இல் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. அதே 1948-இல் லுகினோ விஸ்கோன்டி சிசிலித் தீவின் ஆச்சி ட்ரெட்ஸா என்ற மீனவக் கிராமத்துக்குப் போய் 'லா டெர்ரா ட்ரேமா' எடுத்தார். அந்த ஊர் மீனவர்களே அதில் நடித்தார்கள். அவர்கள் பேசிய சிசிலிய வழக்கு மற்ற இத்தாலியர்களுக்குப் புரியவில்லை என்பதால், பின்னணியில் பொது இத்தாலிய மொழியில் விளக்கக் குரல் சேர்க்க வேண்டியிருந்தது.

வசதி இல்லாததால் தொடங்கிய பழக்கங்கள் சீக்கிரமே ஒரு கொள்கையாக ஆயின. உண்மையான இடத்தில் எடுப்பது. நட்சத்திரங்களை விட்டுவிட்டுச் சாதாரண மனிதர்களை நடிக்க வைப்பது. பெரிய சம்பவங்களைத் தேடாமல் ஒரு நாளின் சின்னச் சின்ன வேலைகளைக் காட்டுவது. 'பைசைக்கிள் தீவ்ஸ்' படத்தில் சைக்கிளைப் பறிகொடுக்கும் அப்பாவாக நடித்த லம்பெர்த்தோ மஜ்ஜோரானி ஒரு தொழிற்சாலைத் தொழிலாளி. 1952-இல் வந்த 'உம்பெர்த்தோ டி' படத்தில் ஓய்வூதியம் போதாமல் தவிக்கும் முதியவராக நடித்த கார்லோ பத்திஸ்தி, ஃப்ளாரன்ஸ் பல்கலைக்கழகத்தின் மொழியியல் பேராசிரியர். அந்தப் படத்தில் ஒரு வேலைக்காரப் பெண் காலையில் எழுந்து வந்து அடுப்பைப் பற்றவைத்து, காபிக் கொட்டை அரைக்கும் காட்சி இருக்கிறது. அவ்வளவுதான் காட்சி. கதை ஓர் அடி நகர்வதில்லை. ஆனால் பார்க்கும்போது அந்தப் பெண்ணின் வாழ்க்கை முழுவதும் நம் கண்ணுக்கு முன்னால் வந்துவிடும். எதுவுமே நிகழாத ஒரு மனிதனின் வாழ்க்கையில் இருந்து தொண்ணூறு நிமிடத்தை எடுத்து அப்படியே படமாக்க வேண்டும் என்பது சவட்டினியின் கனவு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கொஞ்ச நேரத்தில் தேவைப்படும்.

இந்தியாவுக்கும் இதில் நேரடித் தொடர்பு உண்டு. 1950-இல் லண்டனில் 'பைசைக்கிள் தீவ்ஸ்' பார்த்த பிறகுதான் சத்யஜித் ராய் 'பதேர் பாஞ்சாலி'யை இந்த வழியில் எடுக்க முடியும் என்று உறுதி கொண்டார். 1952-இல் நடந்த முதல் இந்தியச் சர்வதேசத் திரைப்பட விழாவில் இத்தாலியப் படங்கள் பெரிய அலையைக் கிளப்பின. அந்த விழா சென்னைக்கும் வந்தது.

இத்தாலிக்குள்ளே நிலைமை வேறு. அரசாங்கத்துக்கு இந்தப் படங்கள் பிடிக்கவில்லை. நாட்டின் வறுமையை வெளிநாட்டுக்குக் காட்டி அவமானப்படுத்துகிறார்கள் என்ற கோபம். அப்போது சினிமாத் துறைக்குப் பொறுப்பாக இருந்த ஜூலியோ ஆந்த்ரேயோட்டி, 'உம்பெர்த்தோ டி' வந்தபோது டி சிகாவைப் பகிரங்கமாகவே கண்டித்தார். பார்வையாளர்களும் போரின் துயரத்தை மறக்கவே விரும்பினார்கள். ஆகவே அந்தப் பாணி கொஞ்சம் இனிப்பு சேர்த்துக்கொண்டு வேறு வடிவம் எடுத்தது. அதே கிராமம், அதே ஏழை மக்கள், ஆனால் இப்போது காதலும் கலாட்டாவும். இதை 'ரோஜா நிற நியோரியலிசம்' என்பார்கள். 1953-இல் வந்த 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்' அதற்குச் சிறந்த உதாரணம். ஒரு மலைக் கிராமத்துக்கு மாற்றலாகி வரும் நடுவயதுப் போலீஸ் அதிகாரிக்கும் அந்த ஊரின் துடுக்குப் பெண்ணுக்கும் இடையே நடக்கும் கதை. பெண்ணாக ஜீனா லொல்லோபிரிஜிடா. போலீஸ் அதிகாரியாக நடித்தவர் சாட்சாத் டி சிகாதான். 1930-களில் இருந்தே அவர் பெண்கள் கொண்டாடிய நட்சத்திர நடிகர். துயரப் படங்களின் இயக்குநர் என்ற முகம் அவருக்குப் பிற்பாடு வந்தது. சிரிப்பு அவருடைய பழைய வீடு.

இத்தனையும் தெரிந்துகொண்டு 'ஆஃப்டர் தி ஃபாக்ஸ்' படத்துக்குப் போனால் ஒவ்வொரு காட்சியும் இரண்டு படமாகத் தெரியும்.

வனுச்சி தன்னை ஓர் இயக்குநர் என்று அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு பெயர் வைத்துக்கொள்கிறான்: ஃபெடரிகோ ஃபப்ரீட்ஸி. முதல் பாதி இத்தாலியின் புகழ்பெற்ற இயக்குநர் ஃபெடரிகோ ஃபெல்லினியை நினைவூட்டும். இரண்டாம் பாதி, 'ரோம் ஓப்பன் சிட்டி'யில் பாதிரியாராக நடித்து எல்லோர் மனதிலும் நின்ற ஆல்டோ ஃபப்ரீட்ஸியை நினைவூட்டும். அவன் எடுப்பதாகச் சொல்லும் படம் 'கெய்ரோவின் தங்கம்'. டி சிகா 1954-இல் எடுத்த படத்தின் பெயர் 'நேப்பிள்ஸின் தங்கம்'. பெயரிலேயே இயக்குநர் தன்னையும் சேர்த்துக்கொண்டு விளையாடுகிறார்.

கேமரா எங்கிருந்து கிடைக்கிறது என்பதுதான் இன்னும் அழகு. ஓரிடத்தில் பைபிள் கதையை வைத்து ஒரு பிரம்மாண்டப் படப்பிடிப்பு நடக்கிறது. அதன் இயக்குநராக டி சிகா, டி சிகாவாகவே தோன்றுகிறார். பாலைவனப் புயல் காட்சி. இன்னும் மணல் வேண்டும், இன்னும் மணல் என்று கத்துகிறார். கண் தெரியாத அளவுக்கு மணல் பறக்கிறது. புழுதி அடங்கிப் பார்த்தால் படப்பிடிப்புக் கருவிகள் எல்லாம் காணாமல் போயிருக்கின்றன! அந்தக் காலத்து ரோமை அறிந்தவர்களுக்கு இது வெறும் சிரிப்பு இல்லை. 1951-இல் 'க்வோ வாடிஸ்', 1959-இல் 'பென்ஹர்', 1963-இல் 'கிளியோபாட்ரா' என்று அமெரிக்கக் கம்பெனிகள் சினெசிட்டாவில் முகாமிட்டுப் பிரம்மாண்டங்களைத் தயாரித்துக்கொண்டிருந்தன. அகதிகள் படுத்துறங்கிய அதே இடத்தில் இப்போது அட்டையில் செய்த அரண்மனைகள். ஏழைகளின் கதையை எடுக்கப் போவதாகச் சொல்லும் போலி இயக்குநர், அந்தப் பிரம்மாண்டத்திடம் இருந்தே கருவியைத் திருடுகிறான். இரண்டு வகை சினிமாவும் ஒரே காட்சியில் மோதுகின்றன, டி சிகா தன்னையே திருட்டுக் கொடுத்தவராக நிறுத்திக்கொள்கிறார்.

இப்போது கிராமத்துக்கு வருவோம். செவாலியோ என்று படத்தில் பெயர். அது கற்பனை ஊர். படம் பிடித்தது நேப்பிள்ஸ் வளைகுடாவில் உள்ள இஸ்கியா தீவின் சான்ட் ஆஞ்செலோ என்ற மீனவக் கிராமத்தில். வெள்ளை வீடுகள், படகுகள், வளைந்த கரை. ஃபப்ரீட்ஸி அங்கே வந்து இறங்கியதும் செய்வது எல்லாம் நியோரியலிசத்தின் வழிமுறைகள்தான். உண்மையான ஊர். உண்மையான மக்கள். நடிப்பு தெரியாதவர்கள். எழுதிவைத்த திரைக்கதை எதுவும் கையில் கிடையாது. விஸ்கோன்டி ஆச்சி ட்ரெட்ஸாவில் செய்ததற்கும் ஃபப்ரீட்ஸி செவாலியோவில் செய்வதற்கும் வெளியில் இருந்து பார்த்தால் வித்தியாசமே கண்டுபிடிக்க முடியாது. விஸ்கோன்டிக்கு அந்த மீனவர்களிடம் இருந்து வேண்டியது உண்மை. ஃபப்ரீட்ஸிக்கு வேண்டியது சுமை தூக்க இலவசமாக ஆட்கள். முன்னே சொன்ன இடைவெளி இதுதான். கேமரா, ஊர், மக்கள் எதுவும் மாறவில்லை, நோக்கம் மட்டும் மாறிவிட்டது.

சாதாரண மனிதர்கள் நடிக்கும் படத்துக்குள் ஒரு நட்சத்திரமும் வருகிறார். டோனி பவல் என்ற வயதாகிப்போன ஹாலிவுட் கதாநாயகன். தன் வயதை ஒப்புக்கொள்ள மனமில்லாதவர். நடித்தவர் விக்டர் மெச்சூர். 1949-இல் 'சாம்சன் அண்ட் டிலைலா'வில் சாம்சனாக வந்த அதே மெச்சூர், நடிப்பில் இருந்து ஒதுங்கியிருந்த நேரத்தில் தன் சொந்தப் பிம்பத்தையே கேலி செய்யும் இந்த வேடத்துக்குத் திரும்பி வந்தார். பெரிய மனசு வேண்டும் அதற்கு. ஃபப்ரீட்ஸி அவரிடம் நீங்கள் இன்னும் இளமையாக இருக்கிறீர்கள் என்ற தொனியில் நாலு வார்த்தை பேசியதும் அவர் உருகிவிடுகிறார். அவருடைய ஏஜென்டாக வரும் மார்ட்டின் பால்சம் மட்டும் ஆரம்பத்தில் இருந்தே சந்தேகத்தோடு இருக்கிறார். படத்தில் நம் அறிவின் குரல் அவர்தான், பாவம், அவர் பேச்சை யாரும் கேட்பதில்லை.

இங்கே ஒரு பழைய செய்தியைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். 'பைசைக்கிள் தீவ்ஸ்' எடுக்கப் பணமில்லாமல் டி சிகா அலைந்தபோது, அமெரிக்கத் தயாரிப்பாளர் டேவிட் செல்ஸ்னிக் முதலீடு செய்ய முன்வந்ததாகவும், கதாநாயகனாக கேரி கிராண்ட்டைப் போட வேண்டும் என்று நிபந்தனை வைத்ததாகவும் சினிமா வரலாற்றில் திரும்பத் திரும்பச் சொல்வார்கள். டி சிகா ஒத்துக்கொள்ளவில்லை. சுவரொட்டி ஒட்டும் ஏழைத் தொழிலாளியாக கேரி கிராண்ட்! 'ஆஃப்டர் தி ஃபாக்ஸ்' பார்க்கும்போது அன்றைக்கு அவர் மறுத்த படம் எப்படி இருந்திருக்கும் என்பது தெரிகிறது. மீனவர்களுக்கு நடுவே மேக்கப் கலையாத ஓர் அமெரிக்க முகம். பகடியில் தன் அனுபவத்தைப் போடுவது என்றால் இப்படித்தான்.

அப்புறம் அந்தப் புகழ்பெற்ற மேஜைக் காட்சி. தங்கம் வர வேண்டிய கப்பல் வழியில் பழுதாகித் தாமதமாகிறது. கிராமமே காத்திருக்கிறது, ஆகவே எதையாவது எடுத்தாக வேண்டும். எடுப்பதற்குத்தான் கதை இல்லையே! ஃபப்ரீட்ஸி, டோனி பவலையும் தன் தங்கை ஜீனாவையும் ஒரு மேஜையில் உட்கார வைக்கிறான். ஜீனாவாக நடித்தவர் பிரிட் எக்லண்ட், அப்போது செல்லர்ஸின் மனைவி. இரண்டு பேரும் உட்கார்ந்திருக்கிறார்கள். பேச்சு இல்லை, அசைவு இல்லை. என்ன செய்ய வேண்டும் என்று கேட்டால் எதுவும் செய்ய வேண்டாம் என்கிறான். மனிதர்களுக்கிடையே தொடர்பு அறுந்துபோனதை இந்தக் காட்சி சொல்வதாக ஒரு வியாக்கியானம் வேறு. டோனி மெய்மறந்துபோகிறார்.

இந்தக் காட்சியின் நேரடிக் குறி மைக்கேலாஞ்சலோ அன்டோனியோனி. 1960-இல் 'லவ்வென்துரா', 1961-இல் 'லா நோத்தே', 1962-இல் 'லெக்ளிஸ்ஸே' என்று அடுத்தடுத்து மூன்று படங்களில் அவர் மௌனத்தையும் வெறுமையையும் வைத்தே காட்சிகளைக் கட்டினார். 'லவ்வென்துரா'வை கான் விழாவில் முதலில் கூச்சலிட்டுக் கேலி செய்தார்கள், பிறகு அதே விழாவில் அதற்கு நடுவர் குழுப் பரிசு கிடைத்தது. அந்தக் காலத்து ரசிகர்களுக்கு இந்தச் சண்டை நன்றாகத் தெரியும், அதனால் மேஜைக் காட்சி வந்ததும் யாரைச் சொல்கிறார்கள் என்பது உடனே பிடிபட்டிருக்கும். ஆனால் எனக்கு அதற்குப் பின்னால் இன்னொரு ஆளும் தெரிகிறார். எதுவுமே நிகழாத தொண்ணூறு நிமிடம் வேண்டும் என்று கனவு கண்டவர் சவட்டினி. இந்தப் படத்தின் திரைக்கதையில் அவர் பெயர் இருக்கிறது. அந்த மௌனத்தை அவர் எதற்காகக் கேட்டார் என்பது 'உம்பெர்த்தோ டி'யின் அடுப்படியில் இருக்கிறது. ஃபப்ரீட்ஸியின் மேஜையிலோ கப்பல் வரும்வரை நேரத்தை ஓட்டுவதற்காக மௌனம். இரண்டு காட்சியையும் அடுத்தடுத்துப் போட்டுப் பாருங்கள், பகடியின் சூத்திரம் முழுவதும் புரிந்துவிடும்.

கூடவே ஒரு பயனும் உண்டு. மேஜைக் காட்சியைப் பார்த்துச் சிரித்த பிறகு அன்டோனியோனியின் படத்துக்குப் போனால், அங்கே மௌனம் எதைத் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று கண் தேடத் தொடங்கும். நல்ல பகடி மூலப் படைப்பை உடைப்பதில்லை. அதன் எலும்புகளை நமக்கு எண்ணிக் காட்டுகிறது.

பகடியை அதன் உறவுக்காரர்களிடம் இருந்து பிரித்துப் பார்ப்பதும் முக்கியம். இந்த ஒரே படத்தில் மூன்று வகையும் இருப்பதால் சுலபமாகப் பிரிக்கலாம். தங்கத்தைக் கொள்ளையடித்த ஓக்ரா என்ற வில்லன், அகிம் தமிரோஃப் நடித்தது, வனுச்சியைச் சந்தித்துப் பேரம் பேசும் காட்சியில் ஒரு வினோதம் நடக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் அழகியின் வாய் அசைகிறது, வெளியே வருவது ஓக்ராவின் குரல். ரகசியமாகப் பேச இப்படி ஓர் ஏற்பாடு. வனுச்சி அவளோடு தனியாக அமர்ந்து பேசிக்கொண்டிருப்பதாகத்தான் மற்றவர்களுக்குத் தோன்றும். இந்தக் காட்சியை ரசிக்க முன்னறிவு எதுவும் வேண்டாம். இது சுத்தமான கேலிக்கூத்து. சூழ்நிலையின் அபத்தமே சிரிப்பு. மாறாக, புகழ்ச்சிக்கு மயங்கும் நடிகரையும், ஒரு வேடம் கிடைத்ததும் கடமையை மறந்துபோகும் போலீஸ் அதிகாரியையும் காட்டும்போது அது அங்கதம். அங்கதத்தின் இலக்கு மனிதர்களின் நடத்தை, சமூகத்தின் பலவீனம். பகடியின் இலக்கு ஒரு வெளிப்பாட்டு வடிவம்: ஒரு பாணி, ஒரு வகைப் படம், ஒரு வகை எழுத்து. அதனால்தான் பகடிக்கு மட்டும் மூலம் தெரிந்த பார்வையாளர் தேவைப்படுகிறார்.

நீதிமன்றக் காட்சியில் அங்கதமும் பகடியும் கைகோத்துக்கொள்கின்றன. திருட்டு வெளிப்பட்டு எல்லோரும் பிடிபட்ட பிறகு, ஃபப்ரீட்ஸி எடுத்த துண்டுப் படத்தையே சாட்சியமாகத் திரையிடுகிறார்கள். தாறுமாறாக எடுத்த, ஒன்றோடொன்று ஒட்டாத காட்சிகள். அங்கே இருந்த ஒரு சினிமா விமர்சகர் எழுந்து, இது ஒரு மகத்தான படைப்பு என்று ஆரவாரம் செய்கிறார். நோக்கமே இல்லாமல் எடுக்கப்பட்ட ஒன்றில் வெளிப்புற அடையாளங்களை மட்டும் பார்த்து ஆழம் கண்டுபிடிக்கும் பழக்கத்தின் மீது விழும் அடி அது. அறுபது வருடம் ஆகப்போகிறது, இன்றைக்கும் வலிக்கிறது.

அதே நீதிமன்றத்தில் படத்தின் இதயமும் இருக்கிறது. செவாலியோ மக்கள் குற்றத்துக்கு உடந்தை என்று தண்டனை பெறும் நிலை வருகிறது. அவர்கள் செய்ததெல்லாம் ஒரு படத்தில் நடிக்க ஆசைப்பட்டதுதான். வனுச்சி எழுந்து குற்றத்தை ஒப்புக்கொண்டு அவர்களைக் காப்பாற்றுகிறான். நகைச்சுவைப் படத்தில் இந்தத் திருப்பம் எதற்கு என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு மஜ்ஜோரானியின் நினைவு வருகிறது. 'பைசைக்கிள் தீவ்ஸ்' உலகப் புகழ் பெற்ற பிறகு அவர் தொழிற்சாலைக்குத் திரும்பினார். ஆட்குறைப்பில் அவருக்கு வேலை போயிற்று. நடிப்பிலும் பெரிதாக வாய்ப்பு அமையவில்லை. வேலையில்லாமல் தவிக்கும் மனிதனாக நடித்தவர் நிஜத்திலேயே அந்த நிலைக்கு வந்தார். சாதாரண மனிதர்களைக் கேமரா முன் நிறுத்திவிட்டு, படம் முடிந்ததும் படக்குழு கிளம்பிப்போய்விட்டால் அவர்கள் கதி என்ன? நியோரியலிசத்தைக் குறித்து நேர்மையாகக் கேட்க வேண்டிய மிகக் கடினமான கேள்வி இது. டி சிகா இதை மனதில் வைத்துத்தான் எடுத்தார் என்று சொல்ல வரவில்லை. ஆனால் அவருடைய போலி இயக்குநன் ஊர் மக்களை விட்டுவிட்டு ஓடாமல் பொறுப்பேற்கிறான் என்பது எனக்கு மிகவும் பிடித்த விஷயம். வெறும் கிண்டலுக்காக எடுத்திருந்தால் இந்தக் காட்சிக்குத் தேவையே இருந்திருக்காது.

கிராமத்தைக் காட்டும் விதத்திலும் அந்த அன்பு தெரியும். ஏழைகளைப் பார்த்துச் சிரிக்கச் சொல்லவில்லை. நம்மையும் யாராவது பார்க்கமாட்டார்களா என்ற ஆசை அந்த மக்களுக்கு இருக்கிறது, டோனி பவலுக்கும் அதே ஆசைதான் இருக்கிறது. கோடீஸ்வர நடிகரும் மீனவரும் அந்த ஒரு விஷயத்தில் சமம்.

பிரிட்டிஷ் பக்கத்தையும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1949-இல் வந்த 'விஸ்கி கலோர்' படத்தில் ஸ்காட்லாந்துத் தீவு ஒன்றின் மக்கள், கரைதட்டிய கப்பலில் இருந்து விஸ்கியை எடுத்து அதிகாரிகளுக்குத் தெரியாமல் ஒளித்துவைப்பார்கள். 1951-இல் வந்த 'தி லாவெண்டர் ஹில் மாப்' படத்தில் திருட்டுத் தங்கத்தை உருக்கி ஈஃபிள் கோபுரப் பொம்மைகளாக வெளிநாட்டுக்குக் கடத்துவார்கள். லண்டனின் ஈலிங் ஸ்டுடியோ வளர்த்தெடுத்த மென்மையான குற்றச் சிரிப்பு அது. வனுச்சியின் திட்டத்தில் அந்த வாசனை நிறைய இருக்கிறது.

படம் குறையில்லாதது இல்லை. கிராமத்துக்குப் போய்ச் சேரும்வரை ரோமில் நடக்கும் பகுதி கொஞ்சம் இழுக்கிறது. முடிவை ஒட்டிய கார் துரத்தல் எந்தப் படத்திலும் இருக்கக்கூடியது. வெளிவந்த காலத்தில் இதற்குப் பெரிய வரவேற்பு கிடைக்கவில்லை, மெல்ல மெல்லத்தான் தனக்கென ரசிகர்களைச் சேர்த்துக்கொண்டது. கலைப் படங்களைக் கேலி செய்ய நினைத்துத் தொடங்கிய சைமனின் வேகமான அமெரிக்க வசனமும், சவட்டினியின் நிதானமான இத்தாலிய மனமும் சில இடங்களில் ஒட்டாமல் தனித்தனியாக நிற்கின்றன. செல்லர்ஸின் இத்தாலிய உச்சரிப்பு சிலருக்கு அலுக்கலாம். எனக்கு அலுக்கவில்லை. முந்தைய வருடங்களில் 'பிங்க் பேந்தர்' படத்தில் தடுமாறும் போலீஸ்காரராக வந்தவர் இதில் துரத்தப்படும் திருடனாக எவ்வளவு லாகவமாக இருக்கிறார் என்று பார்ப்பதே ஒரு சந்தோஷம்.

ஒரு பகடிக்கு மூலம் எவ்வளவு முக்கியம் என்பதைச் சோதித்துப் பார்க்க நமக்கு ஒரு வாய்ப்பும் அமைந்திருக்கிறது. இந்தப் படத்தின் ஹிந்தி வடிவம் 2010-இல் வந்தது: ஃபரா கான் இயக்கி அக்‌ஷய் குமார் நடித்த 'தீஸ் மார் கான்'. கதையின் சட்டகம் அதேதான். கப்பலுக்குப் பதில் ரயில், இத்தாலியக் கிராமத்துக்குப் பதில் துலியா என்ற ஊர், வயதான ஹாலிவுட் நடிகருக்குப் பதில் ஆஸ்கர் ஆசை பிடித்த ஹிந்தி நட்சத்திரமாக அக்‌ஷய் கன்னா. திருடன் வைத்துக்கொள்ளும் பெயர் ஹாலிவுட் இயக்குநர் மனோஜ் நைட் ஷியாமளனை வைத்துச் செய்த விளையாட்டு. நியோரியலிசம் நம் பொது ரசிகர்களின் நினைவில் இல்லை, ஆகவே அவர்கள் அதைக் கழற்றிவிட்டு, வெள்ளைக்காரனை எதிர்க்கும் தேசபக்திப் படம் எடுப்பதாக மாற்றினார்கள். அந்த முடிவு புத்திசாலித்தனமானது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் தேசபக்திப் படம் என்ற வடிவத்தை அது ஆழமாகத் தொடவில்லை. அதன் இசை, அதன் வசனம், அதன் கண்ணீர் இவற்றை அப்படியே எடுத்துக் காட்டியிருந்தால் பகடி ஆகியிருக்கும். நட்சத்திரங்களின் கர்வத்தைக் கிண்டல் செய்யும் அங்கதமாகவும் கேலிக்கூத்தாகவும் நின்றுவிட்டது.

புதிதாகப் பார்க்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் 'பைசைக்கிள் தீவ்ஸ்'. ஒன்றரை மணி நேரம்தான். அடுத்த நாள் 'பிரெட், லவ் அண்ட் ட்ரீம்ஸ்', அதில் டி சிகாவின் மீசையும் நடையும் உங்களைக் கவர்ந்துவிடும். மூன்றாவதாக 'ஆஃப்டர் தி ஃபாக்ஸ்'. நேரம் இருந்தால் அதற்கு முன் 'லவ்வென்துரா'வின் முதல் அரை மணி நேரத்தையாவது பார்த்துவிடுங்கள், ஒரு பெண் தீவில் காணாமல் போகும் வரை. சிறையில் இருந்து வனுச்சி தப்பிக்கும் கடைசிக் காட்சியைப் பற்றி வேண்டுமென்றே எதுவும் சொல்லாமல் விட்டிருக்கிறேன். மாறுவேடத்தை வைத்தே நடக்கும் அந்தச் சிரிப்பை யாரும் முன்கூட்டிச் சொல்லிக் கேட்கக் கூடாது.